நீங்கள் வாக்களிக்காத சட்டம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடுகிறது

மக்களவை, மாநிலங்களவை ஆகிய இரு அவைகளின் சார்நிலைச் சட்டங்களுக்கான (அதாவது, சட்டங்களின் கீழ் அரசு எழுதும் விதிகளை ஆராயும்) குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் நெடுங்காலம் கேபிள் டிவி நடத்திப் பிழைத்தவன். ஆண்டுக்கு ஒருமுறை தலைமை அஞ்சலகத்துக்குப் போய், படிவத்தை நிரப்பி, 500 ரூபாய் கட்டி, பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வருவேன். மணியார்டர் அனுப்ப வந்தவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறேன். டிவிக்கும் தபாலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை என் மகன் கேட்டான். சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றேன். தொழிலை விட்ட பிறகு, சாவகாசமாக உட்கார்ந்து அந்தச் சட்டத்தைப் படித்தேன். 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் (ஒழுங்குமுறை) சட்டம். அதில் அஞ்சலகம் என்ற சொல்லே இல்லை. பதிவு அதிகாரி என்று ஒருவர் இருப்பார், அவர் யார் என்பதை மத்திய அரசு அறிவிக்கும் என்று மட்டும் இருந்தது. மகனிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

2025 ஜனவரி 17 முதல் அந்த அஞ்சலக வரிசையும் கிடையாது. பதிவை இனி தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே இணையவழியில் செய்யும். 5 ஆண்டுக்கு ஒருமுறை, கட்டணம் 5,000 ரூபாய். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு 500 என்றிருந்தது ஆண்டுக்கு 1,000 ஆனதையும், ஊரிலிருந்த அதிகாரி டெல்லிக்குப் போனதையும் உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள்? இது விதித் திருத்தமாக வந்தது. விதித் திருத்தத்துக்கு நாடாளுமன்றத்தில் யாரும் கை தூக்க வேண்டியதில்லை. அதைப் பார்க்க வேண்டியவர்கள் என்று இந்த நாட்டில் இருப்பவர்கள் நீங்கள்தான்: மக்களவைக் குழுவில் 15 பேர், மாநிலங்களவைக் குழுவில் 15 பேர். ஆகவேதான் இந்த மடல் அமைச்சருக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

சட்டத்தின் 5ஆம் பிரிவைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வகுத்துரைக்கப்பட்ட (அதாவது, விதிகளில் எழுதப்பட்ட) நிகழ்ச்சி நெறிமுறைக்கு இணங்காத எந்த நிகழ்ச்சியையும் கேபிள் வழியே யாரும் ஒளிபரப்பக் கூடாது என்கிறது. விளம்பரத்துக்கு 6ஆம் பிரிவு அதையே சொல்கிறது. சட்டம் அங்கே வாயை மூடிக்கொள்கிறது. எது காட்டலாம், எது காட்டக் கூடாது என்பதில் அந்த இரு பிரிவுகளிலும் ஒரு வரிகூட இல்லை. வகுத்துரைக்கப்பட்ட என்ற அந்த ஒரே சொல்லுக்குள் இந்தியத் தொலைக்காட்சியின் பேச்சுரிமை முழுவதையும் மடித்து வைத்து, விதி எழுதும் அதிகாரியின் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். சட்டமியற்றும் பணியின் சாரத்தை நாடாளுமன்றம் வேறு கைக்கு மாற்றிக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1951இல், டெல்லி சட்டங்கள் தொடர்பான கருத்துரையிலேயே சொல்லியிருக்கிறது. எதைப் பேசலாம் என்பது சாரம் இல்லையென்றால் வேறு எது சாரம்?

அங்கே என்ன வகுத்துரைத்தார்கள்? சட்டத்துக்கு முன்பிருந்த அவசரச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட 1994ஆம் ஆண்டு விதிகளின் 6ஆம் விதியில் இருக்கிறது பட்டியல். நல்ல ரசனைக்கு எதிரானது கூடாது. நட்பு நாடுகளை விமர்சிப்பது கூடாது. அரை உண்மைகள் கூடாது. மூடநம்பிக்கையை ஊக்குவிப்பது கூடாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் ஒரு நாள் காலையில் தமிழ்த் தொலைக்காட்சிகளை வரிசையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு யோசியுங்கள். ராசிபலனும், அதிர்ஷ்டக் கல்லும், பரிகாரமும் ஓடி முடிவதற்குள் செய்தி நேரம் வந்துவிடும். விதி அப்படியே இருக்கிறது, பலனும் அப்படியே ஓடுகிறது. யார் மீது பாய வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்று ஆள் பார்த்து எடுக்க வசதியாக ஒரு விதி அலமாரியில் இருப்பதுதான் இதில் எனக்கு உறுத்துகிறது.

நட்பு நாடு என்பதைப் பார்ப்போம். அரசியலமைப்பின் 19(2) கூறு, அயல்நாடுகளுடனான நட்புறவைக் காக்கச் சட்டத்தின் மூலம் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது. நட்புறவு கெடுவது வேறு, விமர்சனம் வேறு. இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைப் பிடித்துப் போகும் செய்தியை வாசித்துவிட்டு, அந்த அரசைக் கண்டித்து ஒரு வார்த்தை சொல்லும் செய்தியாளர் இந்த விதியின் எழுத்துப்படி மீறல் செய்தவர். நல்ல ரசனை என்ற சொல்லோ 19(2)இல் எங்குமே இல்லை. வானொலி அரசின் கையில் மட்டும் இருந்த காலத்தில் அகில இந்திய வானொலி தன் நிலையத்துக்குள் வைத்திருந்த கட்டுப்பாட்டுப் பட்டியலைப் படித்தவர்களுக்கு இந்த 6ஆம் விதி எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அரசு தன் ஊழியர்களுக்குப் போட்டுக்கொண்ட ஒழுக்க விதியை நாட்டிலுள்ள தனியார் அலைவரிசைகள் அத்தனைக்கும் விரித்துவிட்டார்கள். தாய்ச் சட்டத்தின் நோக்கத்தை விதி மீறுகிறதா, சட்டமாகவே வர வேண்டிய விஷயம் விதிக்குள் புகுந்திருக்கிறதா, வழக்கத்துக்கு மாறாக அதிகாரம் பயன்படுத்தப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பது உங்கள் குழுவின் கடமை என்று மக்களவை நடைமுறை விதி 320 சொல்கிறது. மக்களவைக் குழு முதன்முதலில் அமைந்தது 1953 டிசம்பரில். இந்தப் பட்டியலுக்கும் முப்பது வயது கடந்துவிட்டது.

பட்டியல் நீளவும் செய்கிறது. 2015 மார்ச்சில், பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டக் கூடாது, அரசு நியமிக்கும் அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டுமே காட்ட வேண்டும் என்ற ஒரு புதிய உட்பிரிவு சேர்ந்தது. அதன் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. 2008இல் மும்பையில் நடந்ததை எல்லாரும் பார்த்தோம். ஆனால் அதே உட்பிரிவைக் காட்டித்தான் 2016 நவம்பரில், பதான்கோட் விமானப்படைத் தளத் தாக்குதல் செய்திக்காக என்டிடிவி இந்தியா அலைவரிசையை ஒரு நாள் முழுக்க இருட்டாக்க உத்தரவு போனது. எதிர்ப்புக் கிளம்பி, வழக்கு உச்ச நீதிமன்ற வாசலுக்குப் போனதும் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு செய்தி அலைவரிசையை ஒரு நாள் அணைக்கும் அளவு பலம் கொண்ட வரி, நாடாளுமன்றத்தில் ஒரு நிமிட விவாதமும் காணாமல் எப்படிச் சட்டப் புத்தகத்தில் ஏறியது என்று அப்போது யாரும் உங்களைக் கேட்கவில்லை. நான் இப்போது கேட்கிறேன்.

பிறகு வந்தது 2021 ஜூன் 17ஆம் தேதித் திருத்தம். புகார்களுக்கு மூன்று அடுக்கு: முதலில் அலைவரிசை, அடுத்து அலைவரிசைகளின் சுய ஒழுங்குமுறை அமைப்பு, மேலே மத்திய அரசின் மேற்பார்வை. அந்த மேல் அடுக்கில் அமைச்சகங்களின் அதிகாரிகள் அமரும் குழு. நாட்டின் தொலைக்காட்சிக்கு ஒரு முழு விசாரணைக் கட்டமைப்பையே விதித் திருத்தத்தால் எழுப்பிவிட்டார்கள். தாய்ச் சட்டத்தில் இந்த அடுக்குகளில் ஒன்றின் பெயர்கூடக் கிடையாது. அடித்தளம் இல்லாத வீட்டுக்கு மூன்று மாடி.

சட்டத்தின் 22ஆம் பிரிவு உங்களுக்கு என்ன தருகிறது என்று பார்த்தேன். ஒவ்வொரு விதியும் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும், மொத்தம் 30 நாட்கள் அங்கே இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் அதைத் திருத்தலாம், ரத்துச் செய்யலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பதை நேரலையில் பார்த்திருக்கிறேன். மக்களவையில் நண்பகல் 12 மணி, கேள்வி நேரம் முடிந்த கையோடு ஒரு பக்கம் கூச்சல், இன்னொரு பக்கம் ஓர் அமைச்சர் எழுந்து தன் பெயருக்கு எதிரே உள்ள ஆவணங்களை மேசையில் வைப்பதாகச் சொல்லிவிட்டு உட்கார்கிறார். சில வினாடிகள். அதற்குள் ஒரு கட்டு விதிகள் அவையின் பார்வைக்கு வைக்கப்பட்டாகிவிட்டது. விதி ஏற்கெனவே அரசிதழில் வந்து, அமலிலும் இருக்கிறது. நாளை நீங்கள் ரத்துச் செய்தாலும் அதுவரை அதன் கீழ் நடந்தவை செல்லும் என்று அதே பிரிவின் கடைசி வரி காத்துநிற்கிறது. அவையில் வைக்கத் தவறினால் விதியே செல்லாமல் போய்விடுமா என்றால், அட்லஸ் சைக்கிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. அது கட்டாயமல்ல, வழிகாட்டும் ஏற்பாடு மட்டுமே என்றது.

இதில் ஒரு சொல்தான் பூட்டு: இரு அவைகளும். அரசுக்குப் பெரும்பான்மை இருக்கும் மக்களவை, அரசு எழுதிய விதியை ரத்துச் செய்யுமா? ஆஸ்திரேலியாவில் ஒரே ஓர் அவை நிராகரித்தால் போதும், விதி செத்துவிடும். அங்கே இன்னொன்றும் உண்டு. விதி வைக்கப்பட்ட 15 அமர்வு நாட்களுக்குள் ஓர் உறுப்பினர் ரத்துத் தீர்மானத்துக்கு அறிவிப்புக் கொடுத்து, அடுத்த 15 அமர்வு நாட்களுக்குள் அவை அதை எடுத்து முடிவு செய்யாமல் விட்டுவிட்டால், விதி தானாகவே ரத்தாகிவிடும். அவை மௌனமாக இருந்தால் அரசுக்கு நட்டம். அதனால் விவாதத்துக்கு நேரம் ஒதுக்க அரசே ஓடிவரும். நம் ஊரில் மௌனம் முழுக்க அரசுக்கு லாபம்.

நம் அவையில் யாரும் முயன்றதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2012 மே 17 அன்று மாநிலங்களவையில் கேரள உறுப்பினர் பி. ராஜீவ், இணைய இடைநிலையாளர்களுக்கான (பிறர் இடும் பதிவுகளைத் தாங்கும் தளங்களுக்கான) 2011ஆம் ஆண்டு விதிகளை ரத்துச் செய்யத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒளிபரப்பு விதி இல்லைதான், ஆனால் அதன் உடன்பிறப்பு. நல்ல விவாதம் நடந்தது. எல்லாத் தரப்பையும் அழைத்துப் பேசுவதாக அமைச்சர் கபில் சிபல் உறுதி சொன்னார், தீர்மானம் குரல் வாக்கில் தோற்றது. ஆனாலும் 2013 மார்ச்சில் மக்களவையின் உங்கள் குழுவே அந்த விதிகளை எடுத்து ஆராய்ந்து, சொற்களுக்குத் தெளிவான பொருள் வேண்டும் என்று அறிக்கை வைத்தது. உங்களால் முடியும் என்பதற்கு வேறு சான்று தேடிப் போக வேண்டியதில்லை.

நீங்கள் விட்டதை நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ் இணையச் செய்தித் தளங்களுக்கு விதித்த நெறிமுறைக் கட்டாயத்தை அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம், அரசின் மேற்பார்வை ஊடகத்தின் சுதந்திரத்தைப் பறித்துவிடக்கூடும் என்று கவலை தெரிவித்தது. அதே விதிகளில் 2023இல் சேர்த்த, அரசைப் பற்றிய செய்திகளை அரசே சரிபார்க்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. வழக்குப் போட வசதி உள்ளவர்களுக்கு இது சரி. 200 இணைப்பு வைத்திருக்கும் கேபிள்காரர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

இவ்வளவும் விதிகளைப் பற்றித்தான் சொன்னேன். விதிகளாவது உங்கள் மேசைக்கு வருகின்றன. அந்தப் படிக்கும் கீழே ஒரு படி இருக்கிறது.

செயற்கைக்கோள் அலைவரிசைக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் புதுப்பிப்பதும் வழிகாட்டு நெறிமுறைகளின்படி நடக்கிறது. 2005இல் ஒன்று, 2011இல் ஒன்று, கடைசியாக 2022 நவம்பர் 9இல் ஒன்று. இவை அமைச்சகம் நிர்வாக அதிகாரத்தில் வெளியிடுபவை. விதி இல்லை என்பதால் அவையில் வைக்கும் கடமையும் இல்லை, உங்கள் குழுவுக்குத் தானாக வந்து சேரும் வழியும் இல்லை. 2022 நெறிமுறைகள், விளையாட்டு, வெளிநாட்டு அலைவரிசைகள் போன்ற சில நீங்கலாக ஒவ்வோர் அலைவரிசையும் நாளுக்கு 30 நிமிடம் தேசிய முக்கியத்துவமும் சமூகப் பயனும் உள்ள விஷயங்களை ஒளிபரப்ப வேண்டும் என்று சொல்லி, அதற்குக் கருப்பொருள்களும் கொடுத்தன. கல்வி, விவசாயம், சுகாதாரம் என்று எல்லாமே நல்ல விஷயங்கள்தான். ஒரு செய்தி நிறுவனத்தின் நேரத்தில் தினமும் அரை மணியை இன்னதற்குக் கொடு என்று கட்டளையிடும் அதிகாரம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. மீடியா ஒன் என்ற மலையாளச் செய்தி அலைவரிசைக்கு 2022 ஜனவரியில் அனுமதி புதுப்பிக்க மறுக்கப்பட்டதும் இந்த ஏற்பாட்டின் கீழ்தான். காரணம் நீதிமன்றத்துக்கு மூடிய உறையில் போனது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்யும் வரை, எதற்காக மூடுகிறார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்கே தெரியாது.

நெறிமுறைக்கும் கீழே அறிவுரைக் கடிதம் என்று ஒன்று இருக்கிறது. அமைச்சகத்திலிருந்து அலைவரிசைகளுக்கு வரும். அறிவுரைதானே, கேட்காமல் விட்டால் என்ன என்பீர்கள். அனுமதியைப் புதுப்பிக்கும் கையெழுத்து யாருடையதோ அவருடைய அறிவுரையை யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. சட்டம், விதி, நெறிமுறை, அறிவுரை என்று படி இறங்க இறங்கக் கட்டளை துல்லியமாகிறது. நாடாளுமன்றமோ அத்தனைக்கு அத்தனை தூரம் போய்விடுகிறது. வானலைகள் பொதுச் சொத்து, அவற்றை அரசிடமிருந்து விலகி நிற்கும் பொது அமைப்பு ஒன்று கவனிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995 பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில். அந்த அமைப்பு இன்னும் வரவில்லை. இடத்தை நெறிமுறைகள் நிரப்பிக்கொண்டன.

காசு விஷயத்துக்கு வருகிறேன், இதில் நேரடியாக அடி வாங்கியவன் என்பதால். 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தது. 100 சாதாரண அலைவரிசைகளுக்கு வலையமைப்புக் கட்டணம் மாதம் அதிகபட்சம் 130 ரூபாய், 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு, கட்டண அலைவரிசைகள் தனி. வசூலுக்குப் போன வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி: யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? எனக்கும் பதில் தெரியாது. கூட்டினால் முந்தைய மாதத்தைவிட அதிகம் வந்தது, திட்டு மட்டும் எனக்கு. 2020இல் அதே 130க்கு 200 அலைவரிசை என்றார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். போடப்பட்டதும் மாற்றப்பட்டதும் எடுக்கப்பட்டதும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகள் வழியாக. அந்த ஆணையத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் 37ஆம் பிரிவு, ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு ஒழுங்குமுறையும் அவையில் வைக்கப்பட வேண்டும் என்கிறது. ஆணை என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. வீட்டுக்கு வீடு ரசீதில் ஏறிய தொகை, நாடாளுமன்றத்தின் மேசையைத் தொட வேண்டிய கட்டாயமே இல்லாத ஒரு தாளிலிருந்து வந்திருக்கிறது. அந்த ஆணையத்துக்கு ஒளிபரப்பின் மீது அதிகாரம் வந்த கதையும் சுவையானது. 2004 ஜனவரி 9 அன்று ஒரே ஓர் அறிவிக்கை வெளியிட்டு, கேபிளையும் ஒளிபரப்பையும் தொலைத்தொடர்புச் சேவை என்று ஆக்கினார்கள். அவ்வளவுதான்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். இந்த விதிகள் அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. எங்கள் தொழிலில் இருந்தவர்களில் பாதிப்பேர் வயரிங் தெரிந்து வந்தவர்கள். கம்பத்தில் ஏறி ஆம்ப்ளிஃபையர் மாற்றத் தெரியும், சட்ட ஆங்கிலம் தெரியாது. படிக்க முடியாத விதியை மீறியதற்காகக் கருவிகளைப் பறிமுதல் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. மத்தியச் சட்டங்களை மட்டுமல்லாமல் அவற்றின் கீழான விதிகளையும் மாநில மொழிகளில் அதிகாரபூர்வமாக வெளியிட 1973ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வழி இருக்கிறது, நடமாட்டம்தான் இல்லை.

இப்போது உங்களிடம் கேட்பது. 6ஆம் விதியை முழுதாக எடுத்து, ஒவ்வொரு உட்பிரிவையும் 19(2) கூறின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டாதவற்றை நீக்கச் சொல்லி அறிக்கை கொடுங்கள். மூன்று அடுக்கு ஏற்பாடு வேண்டுமென்றால் சட்டத் திருத்தமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், அவையில் பேசட்டும். 2022 நெறிமுறைகள் விதி அல்ல என்ற சாக்கை ஏற்காதீர்கள். விதியின் வேலையைச் செய்வது விதிதான் என்று அமைச்சக அதிகாரிகளைக் குழுவின் முன் அழைத்துக் கேளுங்கள். கட்டண ஆணைகளையும் 37ஆம் பிரிவுக்குள் கொண்டுவரப் பரிந்துரையுங்கள். ஓர் அவை போதும் என்ற மாற்றத்தை உடனே பெற முடியாது என்று எனக்கும் தெரியும். குறைந்தபட்சம், ரத்துத் தீர்மானத்துக்கு அறிவிப்பு வந்தால் அதை எடுத்துக்கொள்ள நாள் குறித்தே ஆக வேண்டும் என்றாவது நடைமுறை விதியில் எழுத வையுங்கள்.

இதற்கெல்லாம் ஏன் இப்போது அவசரம் என்றால், அடுத்த சட்டம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். 2023 நவம்பர் 10 அன்று ஒளிபரப்புச் சேவைகள் (ஒழுங்குமுறை) மசோதாவின் வரைவு வெளியானது. 6 அத்தியாயம், 48 பிரிவு, 3 அட்டவணை. எடுத்துப் புரட்டினால் வகுத்துரைக்கப்பட்டவாறு, வகுத்துரைக்கப்பட்டவாறு என்று அதே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 2024இல் திருத்திய வரைவு ஒன்று தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் போனது. எதிர்ப்பு எழுந்த பிறகு ஆகஸ்டில், புதிய வரைவு வரும் என்றார்கள். மசோதா அவைக்கு வரும்போது அதோடு ஒரு குறிப்புரை இணைந்திருக்கும். எந்தெந்தப் பிரிவில் விதி செய்யும் அதிகாரம் ஒப்படைக்கப்படுகிறது, அது இயல்பான தன்மையதா, விதிவிலக்கானதா என்று அதில் சொல்ல வேண்டும். எந்த மசோதாவை எடுத்தாலும் அந்தக் குறிப்புரையின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றே: ஒப்படைப்பு இயல்பான தன்மையது. இந்த மசோதாவில் அந்த வரி வந்தால் அதைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

2021 விதிகளின்படி, பார்வையாளர் ஒருவர் புகார் அனுப்பினால் அலைவரிசை 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்களிடம் அந்த வேகத்தை எதிர்பார்க்கவில்லை. அவையில் வைக்கப்படும் ஒரு விதிக்குச் சட்டம் கொடுக்கும் 30 நாட்களை நீங்களும் இந்த மடலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் என் மகன் படித்துச் சொல்வான்.

இப்படிக்கு,
முன்னாள் கேபிள் டிவி நடத்துநர் ஒருவன்